‘நல்லாத்தான் விளையாடுறான் டாக்டரம்மா’

மூன்றாவது தடவை அழைத்தபோதுதான் போனை எடுத்தார்கள். எடுத்தவர் தாத்தா. மூளைக்கட்டி அறுவை முடிந்து வீட்டுக்குப் போன பேரனின் பரிசோதனை முடிவைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். பையனின் அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அம்மாவுக்குத் தனியாக போன் கிடையாது. “ரிப்போர்ட் வந்துருச்சுங்கய்யா, நாளைக்கே புள்ளயக் கூட்டிட்டு வாங்க” என்றேன். பின்னால் குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டு சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. “இந்தா இங்கனதான் இருக்கான். நல்லாத்தான் விளையாடுறான் டாக்டரம்மா. ஊர்ப் பொங்கல் முடியட்டும், கூட்டியாறோம்.”

கூட்டி வந்தார்கள், 7 வாரம் கழித்து. இடுப்பில் வைத்துத் தூக்கி வந்த பிள்ளைக்கு இரண்டு காலும் துவண்டு தொங்கின. முந்தின நாளிலிருந்து சிறுநீர் போகவில்லை. ஸ்கேன் எடுத்தால், தண்டுவடம் நெடுக வெள்ளை வெள்ளையாகப் பூசினாற்போலக் கட்டி இறங்கியிருக்கிறது.

இந்த வருஷம் இது மூன்றாவது. (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மூன்று குழந்தைகளுமே 3 வயதுக்கு உட்பட்டவர்கள். மூவருக்கும் அறுவைச் சிகிச்சை பிரமாதமாக நடந்தது. மூவரின் வீட்டிலும் சொல்லிவைத்தாற்போல இதே வசனம். அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையனுக்கு 20 மாதம். நடக்கத் தொடங்கியிருந்தவன் மறுபடி தூக்கச் சொல்லி அழுதான். காலையில் எழுந்ததும் வாந்தி. அப்பத்தா இரண்டு தடவை தொக்கம் எடுக்கக் கூட்டிப்போனார். ஒரு கிளினிக்கில் வாந்திக்குச் சொட்டு மருந்து, இன்னொன்றில் பூச்சி மருந்து. மூன்று வாரம் கழித்து யாரோ ஒரு புண்ணியவான் தலைக்கு ஸ்கேன் எழுதினார். சிறுமூளைப் பக்கம் 5 சென்டிமீட்டரில் கட்டி. நீர் போகிற வழி அடைத்துத் தலைக்குள் நீர் கோத்திருந்தது. நியூரோசர்ஜன் 6 மணி நேரம் நின்று, கண்ணுக்குத் தெரிந்த வரை எல்லாவற்றையும் எடுத்தார். நாலாம் நாள் பையன் பிஸ்கட் கேட்டான். எட்டாம் நாள் டிஸ்சார்ஜ். ஒன்பதாம் நாள், எடுத்த கட்டியைச் சோதித்த பயாப்சி ரிப்போர்ட் வந்தது: ஏ.டி.ஆர்.டி.

விரித்துச் சொன்னால் ‘அட்டிபிகல் டெரட்டாய்டு ராப்டாய்டு ட்யூமர்’. நாக்கு சுளுக்கும், ஏ.டி.ஆர்.டி. என்றே வைத்துக்கொள்வோம். குழந்தைகளுக்கு வரும் மூளைக்கட்டிகளில் 100-க்கு ஒன்றோ இரண்டோதான் இது. ஆனால் 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 10-ல் ஒன்றுக்கு மேல். வேகமென்றால் அப்படியொரு வேகம். மற்ற புற்றுநோய்களில் மாதக் கணக்குச் சொல்வோம். இதற்கு வாரக் கணக்கு.

இப்போது அந்த வசனத்துக்கு வருகிறேன். ‘நல்லா விளையாடுறான், பால் குடிக்கிறான், வாந்தி நின்னுபோச்சு. கட்டியத்தான் எடுத்தாச்சே, அப்புறம் எதுக்கு முடி கொட்டுற ஊசி?’

சர்ஜன் கட்டியை 99 சதவீதம் எடுத்துவிட்டார் என்றால் வீட்டில் 100-க்கு 99 மார்க் வாங்கிய மாதிரி கேட்டுக்கொள்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். 5 சென்டிமீட்டர் கட்டி என்பது ஏறத்தாழ 60 கிராம். ஒரு கிராம் கட்டியில் சுமார் 100 கோடி செல்கள் என்று எங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். 60 கிராமில் 99 சதவீதத்தை எடுத்தால் மிச்சம் அரை கிராமுக்குச் சற்று மேல். செல் கணக்கில் 60 கோடி. தமிழ்நாட்டின் மொத்த ஜனத்தொகையைப் போல எட்டு மடங்கு அந்தச் சின்னத் தலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அங்கங்கே சிதறிக் கிடந்தால் எம்.ஆர்.ஐ.யில் தெரியாது. சில மில்லிமீட்டருக்குக் கீழே அதற்குக் கண் கிடையாது. ‘ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்கே’ என்று படத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டும் மாமாக்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்: ஒன்றும் தெரியவில்லை என்றுதான் எழுதியிருக்கிறது.

சரி, பிறகு ஏன் பிள்ளை நன்றாக இருக்கிறான்? இரண்டு காரணம். ஒன்று, அடைப்பு நீங்கி நீர் வழிகிறது, தலைக்குள் அழுத்தம் இறங்கிவிட்டது. வாந்தியும் அழுகையும் அந்த அழுத்தத்தால் வந்தவை. இரண்டு, டெக்ஸாமெத்தசோன். அறுவைக்கு முன்னும் பின்னும் கொடுக்கும் ஸ்டீராய்டு. கட்டியைச் சுற்றியுள்ள வீக்கத்தை மளமளவென்று வடித்துவிடும். படுத்தே கிடந்த பிள்ளை 24 மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்கும். பார்க்க அதிசயமாகத்தான் இருக்கும். ஆனால் ஏ.டி.ஆர்.டி. செல்லை அது தொடுவதில்லை. வீக்கம் வடியும், கட்டி தன் பாட்டுக்கு வளரும்.

இந்த இடத்தில்தான் பொட்டலக்காரர்கள் நுழைகிறார்கள். டிஸ்சார்ஜில் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை உள்ளே போய்க்கொண்டிருக்கும் அதே நேரம் யாரோ சொன்னார்கள் என்று ஒரு சூரணமும் கொடுப்பார்கள். பிள்ளை தெளியும். பெயர் சூரணத்துக்கு. அந்தக் குடும்பமே பிறகு வாட்ஸாப்பில் அதற்குச் சாட்சியாகிவிடும். சில பிள்ளைகள் எங்கள் மாத்திரை முடிந்து வெகுநாளான பிறகும் கன்னம் பூரித்து, தோளில் கொழுப்பு மேடிட்டு வருகின்றன. அந்தப் பொட்டலத்தில் என்ன கலந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம் வராமல் எப்படி இருக்கும்? சித்த மருத்துவம் முறையாகப் படித்தவர்களை நான் சொல்லவில்லை. என்னிடம் வந்த ஒரு குழந்தையை, ‘இது நம்ம கையில இல்ல, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்று அனுப்பிவைத்தவரே ஒரு சித்த மருத்துவர்தான்.

ஆக, விளையாடுகிறான் என்பது சிகிச்சையைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது. அதுதான் சிகிச்சையைத் தொடங்கச் சரியான நேரம். தெம்பாக இருக்கும் உடம்புதான் கீமோவை, அதாவது அந்த முடி கொட்டுற ஊசியை, தாங்கும். அறுவை முடிந்து, புண் ஆறி, இரண்டு மூன்று வாரத்துக்குள் முதல் சுற்றைத் தொடங்க நாங்கள் பறப்பது அதனால்தான். ஊர்ப் பொங்கல் அடுத்த வருஷமும் வரும் தாத்தா.

‘கத்தி பட்டா பரவிடும்’ கட்சிக்காரர்களுக்கு ஒரே வரி. நோய் கண்டுபிடிக்கும் நாளிலேயே, கத்தி பக்கத்தில்கூட வராதபோதே, ஏறத்தாழ நாலில் ஒரு குழந்தைக்கு இது முதுகுத்தண்டுப் பக்கம் இறங்கியிருக்கும்.

அடுத்தது சதவீதம். ‘மூளைக்கட்டி வந்த குழந்தை எத்தனை நாள் இருக்கும்?’ என்று கூகுளில் தேடிவிட்டு வருகிறார்கள். மூளைக்கட்டி என்பது ஒரு வியாதியின் பெயரா? காய்ச்சல் எத்தனை நாளில் சரியாகும் என்று கேட்பது போலத்தான் இதுவும். டெங்குவா, டைபாய்டா, வெறும் சளியா? சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமாவில் ‘விண்ட்’ என்று ஒரு வகை. முறையாகச் சிகிச்சை எடுத்தால் 100-க்கு 90-க்கு மேல் பிழைக்கிறார்கள். மூளைத்தண்டில் பரவலாக ஊடுருவும் டி.ஐ.பி.ஜி. என்ற கட்டியில் இரண்டு வருஷத்தைத் தாண்டுபவர்கள் 100-க்கு 10 பேர்கூட இல்லை. நிலவில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்கின் மகள் கேரன், 1962-ல் இரண்டு வயதில், அதே மூளைத்தண்டுக் கட்டியால்தான் இறந்தாள். ‘பணம் இருந்தா அமெரிக்கா கொண்டுபோயிருப்போம்’ என்று அழும் அப்பாக்களிடம் அந்தக் கதையைச் சொல்வேன். ஆறுதலாக இருக்குமோ என்னவோ, குற்றவுணர்ச்சியாவது கொஞ்சம் குறையட்டும்.

ஏ.டி.ஆர்.டி. இரண்டுக்கும் நடுவில். நான் பயிற்சியில் இருந்த காலத்தில் பெரியவர்கள் இதன் பெயரைச் சொன்னாலே ஃபைலை மூடிவிடுவார்கள். பிலடெல்பியாவின் நோய்க்குறியியல் நிபுணர் லூசி ரோர்க்கும் சகாக்களும் 1996-ல் 52 குழந்தைகளைப் பற்றி எழுதி, இது தனி வியாதி, மெடுல்லோபிளாஸ்டோமா கிடையாது என்று நிலைநாட்டினார்கள். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் ஓராண்டைத் தாண்டவில்லை. பிறகு, இதற்கென்றே மருந்துகளைக் கோத்துக் கடுமையான திட்டங்கள் வந்தன. பாஸ்டன் குழு 2009-ல் 20 குழந்தைகளின் கணக்கைச் சொன்னது: இரண்டாம் வருஷ முடிவில் 70 சதவீதம் பேர் உயிரோடு. சின்ன எண்ணிக்கைதான், ஆனால் மூடிய ஃபைலைத் திறக்கவைத்தது. அமெரிக்கக் குழந்தைகள் புற்றுநோய்க் குழுவினர் 65 குழந்தைகளுக்குச் செய்து 2020-ல் வெளியிட்ட முடிவில், 4 வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 43 சதவீதம்.

43. பாதிக்கும் கீழே. இதை மறைத்துப் பேச எனக்கு வராது. ஆனால் இந்த 43 முழுச் சிகிச்சையையும் குறித்த நாளில் தொடங்கியவர்களின் கணக்கு. நடுவில் ஊருக்குப் போனவர்களுக்குக் கணக்கே கிடையாது.

இந்த வியாதியின் பெயரைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு சிக்கல். நுண்ணோக்கியில் பார்த்தால் மெடுல்லோபிளாஸ்டோமா மாதிரியே இருந்து ஏமாற்றும். 22-ஆம் குரோமோசோமில் ஸ்மார்க்-பி1 என்ற மரபணு அடிபட்டிருப்பதுதான் மூலம் என்று 1998-ல் தெரிந்தது. அதை வைத்து ஐ.என்.ஐ.-1 என்று ஒரு சாயப் பரிசோதனை. இயல்பான செல்லின் உட்கரு பழுப்பாகத் தெரியும், ஏ.டி.ஆர்.டி. செல்லில் வெளுத்துக் கிடக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த வித்தியாசத்தில் மொத்தச் சிகிச்சையும் மாறுகிறது. 3 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மூளைக்கட்டியில் ஐ.என்.ஐ.-1 போடாமல் ‘சின்ன வட்டச் செல் கட்டி’ என்று பொத்தாம்பொதுவாக ரிப்போர்ட் எழுதி அனுப்பும் லேப்காரர்களே, கையெடுத்துக் கும்பிடுகிறேன், ஒரு போன் செய்யுங்கள். இல்லாவிட்டால் பிளாக்கையாவது அனுப்புங்கள்.

பிளாக் என்றதும் நினைவு வருகிறது. மெழுகில் பதித்த கட்டித் துண்டுக்குத்தான் பிளாக் என்று பெயர். தீப்பெட்டியில் பாதிகூட இருக்காது. வேறு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஸ்லைடும் பிளாக்கும் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் பிள்ளையின் சொத்து. ஒரு சித்தப்பா பத்திரமாகக் கொண்டுவருகிறேன் என்று சித்திரை வெயிலில் கார் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வந்தார். உறையைப் பிரித்தால் மெழுகு இளகிச் சப்பிப் போயிருந்தது. மிச்சத்தை வைத்து எங்கள் பெத்தாலஜிஸ்ட் எப்படியோ சமாளித்தார், ஆனால் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

சிகிச்சை எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். பெரிய மூச்சாக இழுத்துக்கொள்ளுங்கள். முதலில், எடுத்த இடத்தில் கட்டி மிச்சமிருக்கிறதா என்று பார்க்க அறுவை முடிந்த 48 மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. முதுகுக்கும் சேர்த்து. (முதுகு ஸ்கேனை எடுக்காமலே அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைப் பற்றித் தனியாகத்தான் சண்டை போடவேண்டும்.) முதுகுத் தண்ணீர் எடுத்து அதில் செல் மிதக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு கீமோ, நாலைந்து மருந்துகள் சேர்ந்து, சுற்றுச் சுற்றாக. நடுவில் குழந்தையின் ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்லை, அதாவது புது ரத்தத்தை உண்டாக்கும் தாய்ச் செல்லை, பிரித்து உறைய வைப்போம். அதன் பிறகு எலும்பு மஜ்ஜையே வற்றிவிடுமளவு பெரிய டோஸ் மருந்து, அந்தச் செல்லைத் திருப்பி ஏற்றி மீட்பது. சில திட்டங்களில் இதையே மூன்று தடவை. பிறகு, வயதும் நிலைமையும் பார்த்து, கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் ரேடியேஷன். நம் ஊரில் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள். ஷாக் அடிக்குமா என்று கேட்காத அம்மா இல்லை. அடிக்காது, எக்ஸ்ரே மாதிரிதான், குழந்தைக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் அசையக் கூடாது. ஒன்றரை வயதுப் பிள்ளையிடம் அசையாதே என்று சொல்ல முடியுமா? அதனால் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் மயக்க மருந்து, 6 வாரம், 30 தடவை. தினமும் காலையில் வெறும் வயிறு. பசிக்கு அழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடக்கும் அப்பாக்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் மனது பிசையும்.

3 வயதுக்குள் மூளை முழுவதற்கும் ரேடியேஷன் கொடுத்தால் படிப்பு, நினைவு, வளர்த்தி எல்லாம் அடி வாங்கும். அதைத் தள்ளிப்போடத்தான் 1990-களிலிருந்து கீமோவை முன்னால் வைக்கும் வழக்கம். ‘பெரிய ஆஸ்பத்திரியில கரண்ட் வைக்கல, அதான் திரும்ப வந்துச்சு’ என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். வைக்காததற்குக் காரணம் இருக்கும், கேளுங்கள், சொல்வோம்.

புரோட்டான் என்ற இன்னொரு வகை ரேடியேஷன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2019-லிருந்து சென்னையில் இருக்கிறது, இப்போது நவி மும்பையிலும் இருக்கிறது. குழந்தை மூளைக்கு நல்ல கருவிதான், சுற்றியுள்ள நல்ல திசுவுக்குச் சேதம் குறைவு. ஆனால் நோயைக் கொல்வதில் அது சாதாரண ரேடியேஷனைவிட ஒசத்தி என்று யாரும் நிரூபிக்கவில்லை. புரோட்டானுக்குக் காசு சேரட்டும் என்று பிள்ளை போட்டோவை முகநூலில் போட்டு இரண்டு மாதம் காத்திருந்த ஒரு குடும்பம், காசு சேர்ந்தபோது கட்டியும் சேர்ந்தே வந்தது.

கீமோ நடக்கும்போது வீட்டில் இருப்பவர்களுக்கு. 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரி 2 மணியானாலும் கிளம்புங்கள். வெள்ளை அணு இறங்கிக் கிடக்கும் குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறவேண்டும். போகும் வழியில் உள்ள ஆஸ்பத்திரியில் இந்தச் சீட்டைக் காட்டுங்கள் என்று ஒரு தாளே எழுதிக் கொடுக்கிறோம். அதை பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். இடுப்பில் ஊசி கூடாது, எனிமா கூடாது. காது குத்து கூடாது! குலதெய்வத்துக்கு வேண்டுதல் என்று இரண்டாம் சுற்று கீமோ முடிந்த எட்டாம் நாள் மொட்டை அடித்துக் காதும் குத்தி, காதில் சீழோடும் 104 டிகிரியோடும் கூட்டி வந்தார்கள். ஐ.சி.யூ.வில் 11 நாள். முடி நாங்களே கொட்ட வைத்துவிடுகிறோம், மொட்டைக் கணக்கில் சாமி அதையே எடுத்துக்கொள்ளும். காது பிறகு குத்தலாம்.

அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை தனியாக. உங்களில் பலர் கணவரும் மாமியாரும் வெளியே போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிறீர்கள்: கிரகணத்தன்று வெளியே வந்தேனே, மாசமாக இருந்தபோது போன் பார்த்துக்கொண்டே இருந்தேனே, தடுப்பூசி போட்ட வாரம்தானே வாந்தி வந்தது. இதில் எதுவும் காரணமில்லை தாயி. கரு உருவாகும் காலத்தில் ஒரு மரபணுவில் விழுந்த பிழை. மூன்று நாலு குழந்தைகளில் ஒருவருக்கு அந்தப் பிழை உடம்பின் எல்லாச் செல்லிலும் இருக்கும். அதனால்தான் ரத்தத்திலும் சோதிக்கச் சொல்கிறோம், சிறுநீரகத்தையும் ஸ்கேன் செய்கிறோம். பெரும்பாலும் அது பிள்ளையிடம் புதிதாக வந்ததாகத்தான் இருக்கும். அபூர்வமாகப் பெற்றோரில் ஒருவரிடம் இருக்கும், அம்மாவிடமோ அப்பாவிடமோ. ‘எங்க பரம்பரையில இப்படி இல்லயே’ என்று மருமகளைப் பார்த்துச் சொல்லும் மாமியார்களை வார்டு வாசலிலேயே நிறுத்திவைக்க எனக்கு அதிகாரம் இருந்தால் நன்றாக இருக்கும்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்? பேதி இல்லாமல், காலையில் எழுந்ததும் வாந்தி, எடுத்த பிறகு தெளிந்து விளையாடுகிறது, இரண்டு வாரத்துக்கு மேல் நீள்கிறது என்றால் அது வயிறு இல்லை. நடந்த பிள்ளை தள்ளாடினால், திடீரென்று நடக்க மறுத்தால், தலையை ஒரு பக்கமாகவே சாய்த்து வைத்தால் காட்டுங்கள். புதிதாக மாறுகண் வந்தால், மாறுகண் அதிர்ஷ்டம் என்று சந்தோஷப்படாதீர்கள். கைக்குழந்தைக்கு உச்சிக்குழி புடைத்து இறுகினால், கருவிழி கீழ் இமைக்குள் அமிழ்ந்து மேலே வெள்ளை விழி தெரிந்தால், ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். பல் முளைக்கிறது, சீர் தட்டியிருக்கிறது, குடலேற்றம் என்று எண்ணெய் போட்டு வழிப்பவர்களைப் பழிக்கவில்லை. முதல் இரண்டு நாள் வழியுங்கள். மூன்றாவது வாரமும் வழித்துக்கொண்டிருந்தால்தான் கோபம் வருகிறது.

என் சக டாக்டர்களுக்கும் திட்டு உண்டு. ஒரு டேப் என்ன விலை? எடை பார்க்கிறோம், உயரம் பார்க்கிறோம், தடுப்பூசி அட்டையில் தலைச் சுற்றளவுக் கட்டம் மட்டும் காலியாகவே இருக்கிறது. பிறக்கும்போது 35 சென்டிமீட்டர் பக்கம், ஒரு வயதில் 46 பக்கம். இரண்டு அளவு வரிசையாக எழுதியிருந்தால், நீர் கோத்துத் தலை வேகமாகப் பெரிதாவது மூன்றாவதில் தெரிந்துவிடும். இங்கிலாந்தில் அறிகுறி அட்டை ஒன்றை அச்சடித்துப் பெற்றோருக்கும் டாக்டர்களுக்கும் 2011-லிருந்து கொடுத்தார்கள். ஹெட்ஸ்மார்ட் என்று பெயர். முதல் அறிகுறியிலிருந்து நோய் கண்டுபிடிக்க முன்பு 14 வாரம் ஆனது, சில வருஷத்தில் 7 வாரத்துக்கும் கீழே வந்தது. மெஷின் ஏதும் புதிதாக வாங்கவில்லை. அட்டைதான். நம்மிடம் அறுவை செய்யும் கைகளுக்குப் பஞ்சமில்லை. வேலூரில் ஜேக்கப் சாண்டி நியூரோசர்ஜரித் துறையைத் தொடங்கியது 1949-ல். பிள்ளை மேஜைக்கு வந்து சேர்வதில்தான் பஞ்சம்.

பணம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. அட்டை இல்லையென்றால் வந்த முதல் நாளே சொல்லுங்கள். எங்கள் சமூகப் பணியாளர் கலெக்டர் ஆபீஸ் வரை அலைந்து வாங்கித் தருவார். வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் போய்விடாதீர்கள். உண்மையில் குடும்பங்களை உடைப்பது மருந்துச் செலவைவிட லாட்ஜ் வாடகையும், போன கூலியும், ஊரில் விட்டுவந்த மூத்த பிள்ளையும்தான். அதற்கும் வழி இருக்கிறது, கேட்டால்தான் தெரியும். ‘ஆடு வித்தாச்சு, இனி விக்க ஒண்ணுமில்ல’ என்று நாலாவது சுற்றில் காணாமல் போனவரை நாங்கள் தேடிக் கண்டுபிடித்தபோது, அவருக்கு மூன்றாவது சுற்றிலிருந்தே காப்பீட்டில் பணம் வந்துகொண்டிருந்தது. அவரிடம் அதை யாரும் சொல்லவில்லை. அது எங்கள் தப்பு.

பிழைத்தவர்களும் வருகிறார்கள். ஒரு பெண் பிள்ளை, இப்போது இரண்டாம் வகுப்பு. மருந்து காதைத் தின்றதில் இரண்டு காதிலும் மெஷின். வகுப்பில் எல்லோரையும்விடக் குள்ளம், கணக்கு மெதுவாகத்தான் வரும். என் மேஜையில் இருக்கும் ஸ்டாம்ப் பேடை எடுத்து ஒவ்வொரு முறையும் கையெல்லாம் மை ஆக்கிக்கொண்டு போவாள். பள்ளியில் முன் வரிசையில் உட்கார வைக்கச் சொல்லி நான் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு டீச்சர், ‘ஒட்டுமா?’ என்று கேட்டாராம். ஒட்டாது டீச்சர். முன் வரிசை கொடுங்கள்.

நோய் திரும்பி வந்தால்? அந்தப் பேச்சும் எங்கள் வேலைதான். இன்னொரு சுற்று, இன்னொரு ஆஸ்பத்திரி என்று ஓடுவதற்கு முன்னால் உட்கார்ந்து பேசுவோம். வலிக்கு மார்பின் சிரப் கொடுப்போம். பழகிவிடும் என்று பயந்து ஒளித்து வைக்காதீர்கள். அந்தப் பிள்ளை எந்த வலியும் இல்லாமல் அம்மா மடியில் படுத்திருக்க அது வேண்டும்.

அந்தப் பையன் இப்போது எங்கள் வார்டில் இருக்கிறான். சிகிச்சையைத் தொடங்கிவிட்டோம். ஒரு கால் லேசாக அசைகிறது. திருப்பூர் வேலையை விட்டுவிட்டு அப்பா கூடவே இருக்கிறார். நேற்று ரவுண்ட்ஸ் முடிந்து எல்லோரும் போன பிறகு பின்னாலேயே வந்து கேட்டார்: “அன்னைக்கு நீங்க போன் பண்ணப்பவே வந்திருந்தா, மேடம்?”

43 என்ற எண்ணை அவரிடம் எப்படிச் சொல்வது? வந்திருந்தாலும் பாதிக்கு மேல் கைவிட்டுப் போகிற வியாதி. வராததால் எவ்வளவு குறைந்தது என்று எண்ணிச் சொல்லவும் என்னால் முடியாது. குறைந்தது என்பது மட்டும் நிச்சயம். ‘இன்னைக்கு வெள்ளை அணு ஏறியிருக்கு’ என்றேன். நாளைக் காலை 10 மணிக்கு முதுகில் ஊசி, மயக்கம் கொடுத்துத்தான் போடுவோம், 4 மணிக்கு மேல் பால் கொடுக்காதீங்க என்றேன். சரி மேடம் என்று சொல்லி போனில் 3.45-க்கு அலாரம் வைத்துக்கொண்டார்.